டகோட்டா விமானமும் நம் பட்டாசுத் தொழிலும்

ஆகாய விமானம் செலுத்துவதும் பட்டாசு செய்வதும் தம்முள் யாதொரு தொடர்பும் இல்லாத தொழில்கள் என்றே எவரும் எண்ணுவர். முன்னது மேகங்களினூடே நடப்பது; பின்னது நம் கரிசற்காட்டில், கடும் வெயிலில், தனித்தனியே நிற்கும் சிறு அறைகளுக்குள் நடப்பது. எனினும் இரண்டிற்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. சிறிய பிழையையும் பொறுத்துக்கொள்ளாத தொழில்கள் இவை. பிழை செய்தவனுக்கு மட்டுமன்றி, அருகில் நின்ற குற்றமற்றவனுக்கும் அதே தண்டனையை ஒரே கணத்தில் விதிப்பவை. இவ்விரண்டினுள் ஒன்று தன் அபாயத்தைப் பெரிதும் குறைத்துக்கொண்டது. மற்றொன்று இன்னும் அவ்வாறு செய்யவில்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது என்பதை டகோட்டா என்னும் பழைய விமானத்தின் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பகுதிகளில் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்காகாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

டகோட்டாவின் கதை ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறது. 1931ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆம் தேதி, ஐக்கிய அமெரிக்காவின் கான்ஸஸ் மாகாணத்தில், ஃபாக்கர் எஃப்-10 என்ற மூன்று எஞ்சின் விமானம் ஒன்று வானத்திலேயே இறக்கை முறிந்து வயல்வெளியில் வீழ்ந்தது. அதிலிருந்த 8 பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் நட் ராக்னி. நோட்டர் டேம் சர்வகலாசாலையின் கால்பந்துப் பயிற்சியாளராகிய அவரை அறியாத அமெரிக்கர் அக்காலத்தில் இல்லை எனலாம். அவர் மறைவால் நாடே கலங்கியது. அதுவரையில் விமான விபத்துகளின் காரணங்களை ஆராய்ந்த வர்த்தக இலாகா, தான் கண்ட முடிவுகளைப் பொதுமக்களுக்கு வெளியிடாமல் மறைத்து வைப்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தது. ராக்னியின் மரணத்திற்குப் பின் அவ்வழக்கம் நிலைக்கவில்லை. ஜனங்களும் பத்திரிகைகளும் எழுப்பிய கூக்குரலுக்கு இணங்கி அவ்விலாகா வாய் திறக்க வேண்டியதாயிற்று.

வெளிவந்த உண்மை யாதெனில், அவ்விமானத்தின் இறக்கை மரத்தால் ஆனது. உட்புறத்து மரத்துண்டுகளை இணைத்த பசை ஈரத்தினால் நாளடைவில் வலுவிழந்தது. அப்பகுதியைத் திறந்து பார்ப்பதோ எளிதன்று என்பதே. மர இறக்கை விமானங்களின் மீது பிரயாணிகளுக்கு இருந்த நம்பிக்கை அத்துடன் போயிற்று. விபத்துக்குள்ளான விமானத்தின் உரிமையாளராகிய டி.டபிள்யூ.ஏ. கம்பெனியார் 1932ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் தேதி விமானம் கட்டுவோர் சிலருக்குக் கடிதம் எழுதினர். முழுவதும் உலோகத்தாலான விமானம் வேண்டும் என்றனர். தாங்கள் செல்லும் எந்த விமான நிலையத்திலிருந்தும், முழுப் பாரத்துடன், ஓர் எஞ்சின் நின்றுவிட்டாலும் அது மேலெழுந்து செல்லவேண்டும் என்றும் நிபந்தனை விதித்தனர். அவர்கள் மூன்று எஞ்சின்களை எதிர்பார்த்தனர். டக்ளஸ் கம்பெனியாரோ இரண்டே போதும் என்று விடை கூறினர்.

அக்கம்பெனி கட்டிய டி.சி.-1 என்னும் முதல் விமானம் 1933ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பறந்தது. பின்னர் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 4,900 அடி உயரத்தில், காற்று மெலிந்திருக்கும் வின்ஸ்லோ என்ற ஊரிலிருந்து, ஒற்றை எஞ்சினின் வலிமையைக் கொண்டே மேலெழுந்து ஆல்புகர்க்கி நகரை அடைந்து தன் நிபந்தனையை நிறைவேற்றிக் காட்டியது. டி.சி.-2 அதன் வழி வந்தது. டி.சி.-3 என்பது 1935ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி முதன்முறை பறந்தது. ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்த நாளின் 32ஆவது ஆண்டு நிறைவு அது. இவ்விமானத்திற்கே பின்னாளில் பிரிட்டிஷார் டகோட்டா என்று பெயரிட்டனர். நம் நாட்டிலும் இலங்கையிலும் அப்பெயரே வழங்கலாயிற்று.

இதன் அமைப்பைச் சிறிது கூறுவோம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 95 அடி. சாதாரணமாக 21 பிரயாணிகள் அமரலாம். இறக்கையின் பாரத்தை ஒரே உத்திரம் தாங்குவதில்லை. பல உத்திரங்களும் அவற்றைப் போர்த்திய உலோகத் தகடும் பங்கிட்டுத் தாங்குகின்றன. ஓரிடத்தில் விரிசல் கண்டாலும் இறக்கை முழுதும் முறிந்து வீழாதிருக்க இஃது உதவியது. ஃபாக்கர் விமானத்தைக் கொன்ற குறை எதுவோ, அதற்கே நேர்விடையாக இவ்விறக்கை அமைந்தது. இத்தகைய விமானத்தைக் கொண்டு, தபால் மானியத்தை நம்பியிராமல், பிரயாணிகளின் கட்டணத்தினாலேயே லாபம் ஈட்டக்கூடும் என்பதையும் அமெரிக்கக் கம்பெனிகள் கண்டன.

இரண்டாம் உலக யுத்தம் டகோட்டாவைப் பதினாயிரக்கணக்கில் பெருக்கிற்று. யுத்தம் முடிந்தபின் தேவைக்கு மிஞ்சிய விமானங்கள் மலிவான விலைக்கு வந்தன. இந்தியாவில் அவற்றுள் பலவற்றைப் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பிரயாணிகளுக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுத்தது. 1932இல் கராச்சியிலிருந்து சென்னை வரை தபால் சுமந்த டாட்டா விமான சர்வீஸ், 1946இல் ஏர் இந்தியா என்ற பெயர் பூண்டு டகோட்டாக்களைச் செலுத்தியது. 1947 அக்டோபர் 27ஆம் தேதி ஸ்ரீநகரில் நம் படைவீரரைக் கொண்டு இறக்கியவை டகோட்டாக்களே. அவ்வாண்டு டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் தொடங்கிய பொழுது, இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வழியாகச் சென்னைக்கு வந்ததும் டகோட்டாவே. 1953இல் எட்டு விமானக் கம்பெனிகளை இணைத்து இந்தியன் ஏர்லைன்ஸ் அமைக்கப்பட்ட காலத்தும் அதன் விமானங்களுள் பெரும்பாலானவை இவையே. தமிழர்களுள் முதன்முதலாக ஆகாயப் பிரயாணம் செய்த தலைமுறையினர்க்கு விமானம் என்றால் டகோட்டா என்றே பொருள்.

டகோட்டாவுக்குச் சாவே இல்லை என்று அதன் அன்பர்கள் கூறுவர். தொண்ணூறு ஆண்டுகள் சென்றபின் இன்றும் சில டகோட்டாக்கள் பறக்கின்றன. இந்திய விமானப்படையும் பழுதுபார்க்கப்பட்ட ஒன்றைப் பரசுராமா என்ற பெயரோடு 2018இல் ஏற்றுக்கொண்டது. இவற்றைக் காண்போர், இவ்வளவு காலம் பறந்த விமானம் எவ்வளவு பத்திரமானதாக இருத்தல் வேண்டும் என்று வியப்பர். இங்கேதான் நாம் சற்று நின்று யோசித்தல் வேண்டும். ஏனெனில் இந்த வியப்பில் ஒரு பெரும் பிழை மறைந்திருக்கிறது. அப்பிழையைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் ஒரு கணித அறிஞர். அவ்வறிஞர் உயிர் துறந்ததும் ஒரு டகோட்டாவில்தான். அதுவும் நம் நீலகிரி மலையில்தான்.

அவர் பெயர் ஆபிரகாம் வால்டு. 1902இல் இன்று ருமேனியாவிலுள்ள குளுஜ் நகரில் பிறந்து, ஐரோப்பாவில் யூதர்க்கு நேர்ந்த கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்று, கொலம்பியா சர்வகலாசாலையில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர். யுத்த காலத்தில் விமானங்களின் சேதத்தை ஆராயும் பணி அவரிடம் வந்தது. எதிரியின் குண்டுகளுக்குத் தப்பித் திரும்பி வந்த விமானங்களைப் பார்த்தால் சில பகுதிகளில் துளைகள் மிகுதியாகவும், எஞ்சின் முதலிய பகுதிகளில் குறைவாகவும் காணப்படும். துளை மிகுந்த இடத்தில் கவசத் தகடு பொருத்த வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். வால்டின் ஆராய்ச்சியோ இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. அவ்விடங்களில் துளைபட்டும் இவ்விமானங்கள் திரும்பி வந்துவிட்டன. எஞ்சினில் துளைபட்டவை திரும்பி வரவில்லை. ஆதலின் அவை நம் கணக்கிலேயே சேரவில்லை. கவசம் வேண்டிய இடம் துளை குறைவாகக் காணப்படும் இடமே.

பிழைத்தவரை மட்டும் வைத்துக் கணக்கிடலாகாது என்பது இதன் சாரம். இதனை டகோட்டாவிற்கே பொருத்திப் பார்ப்போம். இன்று பறக்கும் டகோட்டாக்கள் திரும்பி வந்த விமானங்களைப் போன்றவை. மலையில் மோதியும், கடலில் மூழ்கியும், ஓடுபாதையின் முனையில் எரிந்தும் ஒழிந்த டகோட்டாக்கள் பலவாகும். அவை காட்சிச்சாலைகளில் நிற்பதில்லை. தம் கதையைக் கூறுவதும் இல்லை. டகோட்டாவின் இறக்கை முறியாது என்பது உண்மை. ஆயின் அதன் அறை காற்றழுத்தம் ஊட்டப்படாதது. ஆகையால் சாதாரணமாக ஏறத்தாழ 10,000 அடிக்குக் கீழேயே பறக்க வேண்டியிருந்தது. மேகத்திற்கும் மழைக்கும் மேலே ஏறிச் செல்லும் வசதி அதற்கில்லை. மேகமூட்டத்துள் மலை எங்கே இருக்கிறதென்று காட்டும் கருவியும் அந்நாளில் இல்லை. இரும்பு போன்ற இறக்கை இருந்தென்ன, வழி தவறினால் மலை விலகிக்கொள்ளுமோ?

1950ஆம் ஆண்டு இந்திய அரசாங்கத்தின் அழைப்பிற்கு இணங்கி வால்டு தம் மனைவியாருடன் சொற்பொழிவு ஆற்ற நம் நாட்டிற்கு வந்தார். டிசம்பர் 13ஆம் தேதி, பம்பாயிலிருந்து கோயம்புத்தூரை நோக்கி வந்த ஏர் இந்தியா டகோட்டாவில் இருவரும் பிரயாணம் செய்தனர். விமானம் வழி தவறிக் கோத்தகிரிக்கு அருகே மலையில் மோதியது. அதிலிருந்த 21 பேரும் மாண்டனர். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 8,600 அடிக்கு மேற்பட்டது. டகோட்டா பறக்கும் உயரத்திற்குள்ளேயே அம்மலை நிற்கிறது. விமானங்கள் எவ்வாறு வீழ்கின்றன என்பதைக் கணித்த அறிஞர், அப்பொழுது அவருக்கு வயது 48, விமானத்திலேயே வீழ்ந்தார். இதனை விதி என்று சொல்லிவிட்டு அப்பாற்செல்வது எளிது. அவரோ விதியைக் காரணமாகக் கொண்டு கணக்கை மூடியவர் அல்லர். நாமும் அவ்வாறு செய்தல் தகாது.

இதற்கு ஏறத்தாழ 21 ஆண்டுகள் கழித்து நம் பக்கத்திலேயே அதே வகை விபத்து நிகழ்ந்தது. டகோட்டாவின் இடத்தை நிரப்பவென்றே வகுக்கப்பட்டது ஆவ்ரோ 748. கான்பூரில் கட்டப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தது. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, நம் மாவட்டத்தார்க்கு அணித்தான மதுரை விமான நிலையத்தை நோக்கி இறங்கி வந்த ஆவ்ரோ ஒன்று, பகற்பொழுதில், பார்வை மங்கிய வேளையில், சின்னமனூருக்கு அருகே மலையில் மோதியது. அதிலிருந்த 31 பேரில் 21 பேர் இறந்தனர்; 10 பிரயாணிகள் பிழைத்தனர். எஞ்சின் புதியது, விமானம் புதியது, அறை காற்றழுத்தம் ஊட்டப்பட்டது. ஆயினும் மேகத்துள் நிற்கும் மலை என்ற பழைய எமன் அப்படியே இருந்தான். ஒரு குறையைத் தீர்த்துவிட்டால் எல்லாக் குறையும் தீர்ந்ததாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

உலகெங்கும் இவ்வகை விபத்துகள் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. விமானியின் தவறு என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைப்பது முன்னாளில் எளிதாக இருந்தது. இறந்த விமானி மறுத்துரைக்கப் போவதில்லை. ஆனால் திறமையும் அனுபவமும் வாய்ந்த விமானிகள் அதே தவற்றை மீண்டும் மீண்டும் செய்வார்களாயின், தவறு ஆளிடத்தில் மட்டும் இல்லை என்பதை ஆராய்ச்சியாளர் உணர்ந்தனர். கனடாவில் பிறந்த டொனால்டு பேட்மன் என்ற பொறியியலார், நிலம் நெருங்குவதை விமானிக்கு முன்னதாகவே உரக்க எச்சரிக்கும் கருவியை அமைத்தார். 1974ஆம் ஆண்டு டிசம்பரில் வாஷிங்டன் அருகே ஒரு ஜெட் விமானம் மலையில் மோதிய பிறகு, பெரிய விமானங்களுக்கு அக்கருவி இன்றியமையாதது என்று அமெரிக்க அரசாங்கம் விதித்தது. பிற நாடுகளும் பின்பற்றின. அதன்பின் இவ்வகை விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. விமானிகள் திடீரென்று புத்திசாலிகளாகிவிடவில்லை. அவர்கள் பிழைபட நேரும்போது தடுப்பதற்கு ஒன்று வைக்கப்பட்டது.

இம்முறைக்கு அடிப்படையாக ஓர் உடன்பாடும் உண்டு. 1944இல் சிகாகோவில் கூடிய நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் 13ஆவது இணைப்பு, 1951இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே. குற்றவாளியைக் கண்டுபிடித்தல் அன்று என்பது அதன் கொள்கை. குற்றத்திற்குத் தண்டனை விதிக்க நீதிமன்றம் தனியே இருக்கிறது. காரணம் காண்பவன் வேறு, தண்டிப்பவன் வேறு என்று பிரித்து வைத்ததனாலேயே உண்மை பேசுவோர்க்குத் துணிவு உண்டாயிற்று. நம் நாட்டிலும் 2012ஆம் ஆண்டு விமான விபத்துகளை விசாரிக்கத் தனிப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி அகமதாபாதில் நேர்ந்த கொடிய விமான விபத்திற்குப் பின் ஒரு மாதத்திற்குள்ளாக, அப்பிரிவின் முதற்கட்ட அறிக்கை உலகறிய வெளியிடப்பட்டது.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த வரலாற்றைச் சிவகாசியில் சிறுவரும் அறிவர். வானம் பொய்த்து வயல் விளையாத பூமியில், மழையின்மையையே மூலதனமாக்கிய தொழில் அது. தீப்பெட்டியின் வழியே பட்டாசும் அச்சும் வளர்ந்தன. இன்று இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. எத்தனையோ பிள்ளைகளைக் கலாசாலைக்கு அனுப்புகிறது. ஆதலால் பட்டாசுத் தொழிலே வேண்டாம் என்று நகரங்களில் அமர்ந்து எளிதாகக் கூறுவோருடன் நாம் உடன்படோம். விமானம் வீழ்கிறது என்பதற்காகப் பறப்பதை நிறுத்திவிடுங்கள் என்று எவரும் கூறவில்லையே.

ஆயின் நம் கணக்கையும் பார்த்தல் வேண்டும். விமான விசாரணைப் பிரிவு ஏற்பட்ட அதே 2012ஆம் ஆண்டில், செப்டம்பர் 5ஆம் தேதி, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். முதல் வெடிப்பைக் கண்டு உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார் பலர் பின்னர் நேர்ந்த பெருவெடிப்பிற்கு இரையாயினர். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் 20க்கு மேற்பட்டோர் இறந்தனர். அகமதாபாத் விசாரணை நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், 2025 ஜூலை 1ஆம் தேதி, சின்னக்காமன்பட்டியில் 8 பேருக்குக் குறையாமல் மடிந்தனர். இவை பத்திரிகைகளின் முதற்பக்கத்திற்கு வந்தவை. ஒருவர், இருவர் என இறந்தவை உள்ளூர்ச் செய்தியோடு முடிந்து போகின்றன.

ஒவ்வொரு விபத்திற்குப் பின்னும் நிகழ்வன நமக்கு மனப்பாடம். மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டது காரணம் என்பர். ஆலை உரிமையாளர், குத்தகைதாரர், போர்மேன் ஆகியோர்மீது வழக்குப் பதிவாகும். உரிமம் இரத்தாகும். நிவாரணத் தொகை அறிவிக்கப்படும். சில வாரங்கள் ஆலைகளில் சோதனை நடக்கும். பிறகு தீபாவளிக்கான வேலை தொடங்கிவிடும். உராய்வு என்பது முன்னாளில் விமானியின் தவறு என்று எழுதியதை ஒத்தது. அஃது உண்மையே ஆயினும் விசாரணை அங்கே முடிதல் கூடாது. அங்கிருந்தே தொடங்குதல் வேண்டும். உராய்வு ஏன் நேர்ந்தது? அன்று அவ்வறையில் எத்தனை பேர் இருந்தனர்? எவ்வளவு மருந்து இருந்தது? முன்னாள் மீந்த கலவையா? கலந்தவருக்குப் பயிற்சி அளித்தவர் யார்? எண்ணிக்கைக்குக் கூலியா, நாளுக்குக் கூலியா? அறை யார் பெயரில், வேலை யார் பொறுப்பில்? இவற்றுக்கு விடை கூறும் விசாரணை அறிக்கை ஒன்றைத் தமிழில் அச்சிட்டு, ஆலை வாயிலில் ஒட்டியிருக்க நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

விதிகள் இல்லாமல் இல்லை. 1884ஆம் ஆண்டுச் சட்டமும் 2008ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. பட்டாசு செய்யும் ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருத்தலாகாது. அறைக்கும் அறைக்கும் குறித்த இடைவெளி வேண்டும். குளோரேட்டையும் கந்தகத்தையும் ஒன்றாகக் கலத்தலோ முற்றிலும் தடைசெய்யப்பட்டது. ஈரம் பட்ட அலுமினியத் தூள் தானே சூடேறும் என்பதை இரசாயன மாணவர் அறிவர். கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும் என்னும் கட்டுப்பாட்டின் பொருள் அதுவே. இவ்வொவ்வொரு விதியின் பின்னும் யாரோ சிலர் உயிர் கொடுத்திருக்கின்றனர் என்று கொள்ளலாம். ஆயின் விதியின் காரணம் தொழிலாளிக்கு எடுத்துரைக்கப்படுவதில்லை. காரணம் அறியாத விதி, அதிகாரி வரும் நாளில் மட்டும் உயிரோடு இருக்கும்.

இங்கே வால்டின் கணக்கு மீண்டும் நமக்கு வேண்டியதாகிறது. மரத்தடியில் மருந்து கலக்கும் பெரியவர் ஒருவரை, இது தகுமோ என்று கேட்டால், முப்பது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் திரும்பி வந்த விமானம். அதேபோலச் செய்து திரும்பி வராதவர் இன்று நமக்கு விடை கூற முன்வரப் போவதில்லை. பல்லாண்டு விபத்தின்றி ஓடும் ஆலையைக் காட்டி இத்தொழிலில் அபாயம் இல்லை என்று கூறும் முதலாளியும், பறந்துகொண்டிருக்கும் டகோட்டாவைக் காட்டி அதற்குச் சாவில்லை என்று கூறுபவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். வெடித்துத் தரைமட்டமான அறையிலேதான் நாம் கற்க வேண்டிய பாடம் கிடக்கிறது. அதனைப் புல்டோசர் கொண்டு சமன்செய்வதற்கு முன்னே படித்தறிதல் வேண்டும்.

இதற்கு மறுப்புரைப்போர் கூறுவதையும் கேட்போம். விமானக் கம்பெனி பெரியது, பணம் படைத்தது. பட்டாசு ஆலைகளோ ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கும் சிறு தொழில்கள். இவற்றை ஒப்பிடுதல் முறையோ என்பர். நியாயமான கேள்வியே. எனினும் 1931இல் அமெரிக்க விமானத் தொழிலும் செல்வச் செழிப்பில் இருக்கவில்லை. தபால் மானியத்தால் உயிர் தாங்கி நின்றது. பத்திரம் வந்த பிறகுதான் பிரயாணி வந்தான். பிரயாணி வந்த பிறகுதான் லாபம் வந்தது. மேலும் நாம் கேட்பது விலையுயர்ந்த யந்திரம் அன்று. நடந்ததை நடந்தவாறு எழுதி எல்லோரும் அறியச் செய்தல். அதற்குக் காகிதமும் துணிவும் போதும். காகிதத்திற்கும் அச்சிற்கும் சிவகாசியில் பஞ்சமா?

வேறு சிலர், தொழிலாளியின் அஜாக்கிரதையே காரணம், எத்தனை சொல்லியும் கேளார் என்பர். விமானியைப் பற்றியும் முன்னாளில் இவ்வாறே சொல்லப்பட்டது. எண்ணிக்கைக்குக் கூலி பெறும் ஒரு பெண், மாலைக்குள் நூறு கூடுதலாக முடித்தால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டலாம் என்று விரைந்தால், அவ்விரைவை அவளுடைய குணக்கேடாகக் கருதுவது நீதியாகாது. விரைவைத் தூண்டும் கூலி முறையையும் விசாரணைக்கு உட்படுத்த வேண்டும். விசாரணையே நடைபெறவில்லை என்றும் நாம் கூறவில்லை. 2021 விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே கையிலெடுத்து ஒரு குழுவை அமைத்தது. அத்தகைய குழுக்கள் கண்ட முடிவுகள் மருந்து கலப்பவனின் காதுவரை வந்து சேர வேண்டும் என்பதே நம் வாதம்.

ஆகவே நம் அபிப்பிராயத்தைச் சுருக்கிக் கூறுவோம். முதலாவது, பட்டாசு விபத்துகளின் காரணத்தை மட்டும் ஆராய, தண்டனை அதிகாரம் இல்லாத நிலையான குழு ஒன்று நம் மாவட்டத்திலேயே இருத்தல் வேண்டும். போலீஸ் வழக்கு தன் வழியே நடக்கட்டும். இரண்டாவது, அதன் அறிக்கை ஒவ்வொன்றும் எளிய தமிழில் வெளியிடப்பட்டு ஒவ்வோர் ஆலையிலும் வாசித்துக் காட்டப்படுதல் வேண்டும். மூன்றாவது, உயிர்ச்சேதம் இன்றித் தப்பிய சிறு தீவிபத்துகளையும் தொழிலாளர் அஞ்சாமல் தெரிவிக்க வழி வேண்டும். தெரிவித்தவர் வேலை இழத்தலோ வழக்கில் சிக்குதலோ கூடாது. பேரழிவிற்கு முன் அதன் நிழல் பலமுறை விழுகிறது என்பதை விமானத் தொழில் இவ்வழியால் கற்றது.

இதில் கலாசாலைக்கும் பங்குண்டு. நம் இரசாயன மாணவர் மருந்துக் கலவைகளின் இயல்பைத் தமிழில் எழுதித் தரலாம். புள்ளியியல் பயில்வோர், பல ஆண்டுப் பத்திரிகைகளில் சிதறிக் கிடக்கும் விபத்துச் செய்திகளைத் தொகுத்து, எம்மாதத்தில், எந்நேரத்தில், எவ்வகை அறையில் மிகுதியாக நேர்கின்றன என்று அட்டவணை வகுக்கலாம். பட்டப்படிப்பிற்கு இதனினும் பயனுள்ள ஆராய்ச்சி எதுவாக இருத்தல் கூடும்? இக்கலாசாலையில் பயின்று ஆலை உரிமையாளராயும், அதிகாரிகளாயும், வழக்கறிஞராயும், பத்திரிகையாளராயும் விளங்கும் பழைய மாணவர் பலராவர். அவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் இத்தகைய குழுவிற்கு வேண்டிய அறிவு முழுதும் அங்கேயே கிடைத்துவிடும். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போருள் சிலருடைய தாயும் தந்தையும் இந்நேரம் அவ்வறைகளுக்குள் வேலை செய்துகொண்டிருக்கின்றனர் என்பதை நினைவிற் கொள்வோமாக.

கான்ஸஸ் வயல்வெளியில் 8 பேர் மாண்ட காரணம் மறைக்கப்பட்டிருந்தால் டகோட்டா பிறந்திராது. நீலகிரியிலும் சின்னமனூர் மலையிலும் மாண்டோரின் கதைகள் உலகத்தின் பிற விபத்துகளோடு சேர்த்து எண்ணப்பட்டதனால், இன்று மேகத்துள் பறக்கும் பிரயாணி அஞ்சாமல் உறங்குகிறான். முதலிப்பட்டியிலும் அச்சங்குளத்திலும் சின்னக்காமன்பட்டியிலும் மாண்டோர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. அதனை எழுதுவதும், படிப்பதும், அதன்படி நடப்பதும் அடுத்த தீபாவளிக்கு முன்னரே தொடங்கத்தக்க கடமையாகும்.